99 சதவீதம் தூய்மை என்றால் எதில் 99?

நீங்கள் கேட்டதை என் வார்த்தைகளில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வயது 27, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். படித்தது நிற்கவில்லை, மதியத்துக்கு மேல் மூளை மந்தமாகிவிடுகிறது. அறை நண்பர் நான்கு மாதமாகச் செமாக்ஸ் என்ற பெப்டைடைத் தண்ணீரில் கரைத்து மூக்கில் தெளித்துக்கொள்கிறார். இணையத்தில் வரவழைத்த பொடி, கூடவே 99 சதவீதம் தூய்மை என்று ஒரு சான்றிதழ். அடுத்ததாக டைஹெக்சா என்ற இன்னொன்றையும் வாங்கப் போகிறாராம். "ரஷ்யாவில் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நானும் ஆரம்பிக்கலாமா?" என்று முடித்திருக்கிறீர்கள். செமாக்ஸ் நல்லதா கெட்டதா என்ற கேள்வியைவிட, "ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் மருத்துவன் இல்லை. பெப்டைடு தயாரிக்கும் வேதியியல்காரன். பதினெட்டு வருஷம் ஆய்வுக்கூடத்தில் புரதங்களின் கட்டுமான மணிகளான அமினோ அமிலங்களைப் பெப்டைடுச் சங்கிலிகளாகக் கோத்துவிட்டு, இப்போது பார்மசி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆகவே குப்பிக்குள் என்ன இருக்கும் என்பதைக் கொஞ்சம் தைரியமாகவே பேசுவேன். உங்கள் தலைக்குள் அது என்ன செய்யும் என்பதை, மற்றவர்கள் செய்த ஆய்வுகளைப் படித்தவன் என்ற அளவில்தான் சொல்ல முடியும்.

செமாக்ஸ் என்பது ஏழு அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. நம் பிட்யூட்டரி சுரப்பியில் ஏ.சி.டி.எச். என்று 39 அமினோ அமில நீளமுள்ள ஒரு ஹார்மோன் இருக்கிறது. அதில் நான்காவது முதல் ஏழாவது வரை உள்ள துண்டை வெட்டியெடுத்து, உடம்பிலுள்ள நொதிகள் உடனே கடித்துத் தின்றுவிடாமல் இருக்க வாலில் புரோலின், கிளைசின், புரோலின் என்று மூன்றைச் சேர்த்தார்கள். 1980-களில் மாஸ்கோவின் மூலக்கூறு மரபியல் நிறுவனத்தில் உருவானது. முழு ஹார்மோன் செய்வதுபோல ஸ்டீராய்டு சுரப்பை இது தூண்டுவதில்லை. எலிகளுக்குக் கொடுத்தபோது மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிப் புரதம் கூடியதைக் காட்டியிருக்கிறார்கள். இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்த யோசனை ரஷ்யர்களிடம் தொடங்கியதல்ல. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் டேவிட் டி வீட் என்ற மருந்தியலாளர் 1960-களிலும் 70-களிலும் இதே ஹார்மோன் துண்டுகளை எலிகளுக்குக் கொடுத்து, அவை கற்றுக்கொள்ளும் விதம் மாறுவதைக் கண்டார். அப்போது கிளம்பிய உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல. 1978-ல் லான்செட் இதழில் வாசோபிரெசின் என்ற இன்னொரு பெப்டைடை மூக்கில் தெளித்ததும் 50 வயது தாண்டிய ஆண்களின் நினைவாற்றல் கூடியதாக ஒரு ஆய்வு வந்தது. ஞாபகசக்திக்கு மூக்கில் தெளிக்கும் பெப்டைடு, 1978-லேயே! ஆனால் அடுத்தடுத்த சோதனைகளில் அது நிலைக்கவில்லை. வாசோபிரெசினின் செயற்கைத் தம்பியான டெஸ்மோபிரெசின் மட்டும் வேறு வேலைக்கு, குழந்தைகள் படுக்கையில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்கும் மூக்குத் தெளிப்பாக, தங்கியது. ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வந்த கேஸ்கள் சேர்ந்ததால் 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்தப் பயன்பாட்டையும் நிறுத்தியது. ஏ.சி.டி.எச். துண்டுகளின் வழிவந்த ஆர்க் 2766 கதையும் இதே மாதிரிதான். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் நரம்பு கெடுவதை அது தடுக்கிறது என்று 1990-ல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. பிறகு வந்த பெரிய ஆய்வில் பலனைக் காணோம். செமாக்ஸும் அப்படித்தான் போகும் என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. இந்தக் குடும்பத்தில் எலியும் சின்ன ஆய்வும் காட்டிய ஆசை, பெரிய ஆய்வில் கரைந்துபோனது இதற்கு முன்பே நடந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

சரி, ரஷ்யாவில் விற்கிறார்களே? விற்கிறார்கள். முறையாகப் பதிவான மருந்து, 0.1 சதவீதம், 1 சதவீதம் என்று இரண்டு வலுவில் சொட்டு மருந்தாக வருகிறது. ஒரு சதவீத மருந்து முக்கியமாகப் பக்கவாதம் வந்த ஆரம்ப நாட்களுக்கு. ஒரு சுற்று என்பது நாட்கணக்கில் முடிந்துவிடும். அமெரிக்காவோ ஐரோப்பிய ஒன்றியமோ இதை அங்கீகரிக்கவில்லை. அதற்காக ரஷ்ய ஆய்வுகள் பொய் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த வேதியியலாளர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் ஒரு நாட்டு அனுமதி என்பது "இந்த நோயாளிக்கு, இத்தனை நாள், இந்தத் தயாரிப்பு" என்று மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது. உங்கள் நண்பர் நோயாளி இல்லை, நாட்கள் நாலு மாதமாகிவிட்டன, தயாரிப்பும் அது இல்லை. ரஷ்ய அனுமதியில் அவருக்குப் பொருந்துவது மருந்தின் பெயர் ஒன்றுதான்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். மருத்துவப் புள்ளியியலில் எளிதான ஒரு கணக்கு உண்டு. ஒரு ஆய்வில் 30 பேருக்கு மருந்து கொடுத்து யாருக்குமே ஒரு குறிப்பிட்ட தீங்கு வரவில்லை என்றால், அந்தத் தீங்கின் உண்மையான விகிதம் பூஜ்யம் என்று ஆகாது. 3-ஐ 30-ஆல் வகுத்தால் வருகிற 10 சதவீதம் வரை கூட அது இருக்கலாம். 300 பேரில் யாருக்கும் வராவிட்டால் 1 சதவீதம் வரை இருக்கலாம். இந்த வகை பெப்டைடுகளில் வந்திருக்கும் மனித ஆய்வுகள் பெரும்பாலும் சில பத்துப் பேரோடு நின்றவை. செமாக்ஸின் உடன்பிறப்பு போன்ற செலாங்கைப் பதற்ற நோய்க்கு மெடாசிபாம் மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில் இரண்டு குழுக்களையும் சேர்த்தே 62 பேர்தான். ஆரோக்கியமான இளைஞர்கள் மாதக்கணக்கில் எடுத்து, பிறகு வருடக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரே ஒரு ஆள் கணக்கு. அதுவும் ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் சொல்கிற கணக்கு.

அரிதான தீங்கு எப்படி ஒளிந்திருக்கும் என்பதற்குப் பெப்டைடு உலகத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது, என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன். பெஜினேசடைடு என்பது டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தசோகைக்கான செயற்கைப் பெப்டைடு. ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து, 2012 மார்ச்சில் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2013 பிப்ரவரியில் முழுவதையும் திரும்பப் பெற்றார்கள். சுமார் 25,000 பேருக்குப் போன பிறகுதான் கடுமையான ஒவ்வாமையும் சில மரணங்களும் வெளியே தெரிந்தன. மரணம் 0.02 சதவீத அளவில்தான், அதாவது பத்தாயிரத்தில் இரண்டு. பிற்பாடு சந்தேகம் எங்கே போனது தெரியுமா? பெப்டைடு மேல் அல்ல. சோதனைகளில் பெரும்பாலும் ஒரு முறை பயன்படுத்தும் குப்பி. கடைக்கு வந்தது பல முறை எடுக்கும் குப்பி. அதில் கெடாமலிருக்கச் சேர்த்த ஃபீனால்தான் காரணமோ என்று ஆராய்ந்தார்கள். எல்லா விதிகளையும் பின்பற்றிய தயாரிப்பிலேயே, குப்பிக்குள் கூட இருந்த பொருள் இந்தப் பாடு படுத்தியிருக்கிறது.

அதனால்தான் அந்த 99 சதவீதச் சான்றிதழைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது. பெப்டைடை எப்படிச் செய்கிறோம் என்று சொன்னால் புரியும். 1963-ல் மெரிஃபீல்ட் காட்டிய வழிதான் இன்றும். ஜவ்வரிசி போன்ற, அதைவிடப் பொடியான பிசின் மணிகளில் முதல் அமினோ அமிலத்தை ஒட்டவைத்து, அதன் தலையில் இரண்டாவது, அதன் தலையில் மூன்றாவது என்று கோத்துக்கொண்டே போவோம். ஏழு அமினோ அமிலத்துக்கு ஆறு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் 99 சதவீதம் சரியாக விழுந்தாலும் கடைசியில் 94 சதவீதம்தான் சரியான சங்கிலி. 97 சதவீதம் என்றால் 83-க்கு இறங்கிவிடும். மீதியெல்லாம் ஒன்று விட்டுப்போன சங்கிலி, முறுக்கு மாறிய சங்கிலி, பாதுகாப்பு மூடி கழலாத சங்கிலி. இவற்றைப் பிரித்தெடுப்பதுதான் செலவு பிடிக்கும் வேலை. சங்கிலி கோப்பதைவிட அதற்குத்தான் ராத்திரி கண்விழிப்போம்.

பிரித்த பிறகு, கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியாகக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டிப் பார்க்கிறோம். புற ஊதா ஒளியை உறிஞ்சும் பொருட்கள் ஒவ்வொன்றும் ஒரு முகடாக எழும். எல்லா முகடுகளின் பரப்பில் நம் பெப்டைடின் முகடு 99 சதவீதம் என்றால் சான்றிதழில் 99 என்று எழுதுகிறோம். ஆக அந்த 99 என்பது, கருவியின் கண்ணுக்குத் தெரிகிறவற்றில் 99. தண்ணீரும் உப்பும் அதற்குத் தெரியாது. பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நஞ்சு இருக்கும் அளவுக்கு அதன் கண் எட்டாது. பிரித்தெடுக்கும்போது சேரும் டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம் பெப்டைடோடு உப்பாக ஒட்டிக்கொள்ளும். அதை அசிட்டேட்டாக மாற்றாமல் விட்டால், செமாக்ஸ் மாதிரி சிறிய சங்கிலியில் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அந்த அமிலமே இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 98.7 சதவீதம் என்று பெருமையாக ஒரு குப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூத்தவர் ஒருவர், "உள்ளே நிஜமாகப் பெப்டைடு எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். அளந்து பார்த்தால் எடையில் 71 சதவீதம். மீதி உப்பும் ஈரமும். இரண்டு எண்களுமே உண்மைதான், கேள்விதான் வேறு.

எண்டோடாக்சினிலும் எனக்கு அடி விழுந்திருக்கிறது. பார்க்க வெள்ளை வெளேரென்று, முகடு ஊசி மாதிரி, குறையே சொல்ல முடியாத ஒரு தொகுப்பு. விலங்குச் சோதனைக்கு அனுப்பும் முன் செய்த எண்டோடாக்சின் சோதனையில் தோற்றது. காரணம், கழுவப் பயன்படுத்திய தண்ணீரின் வடிகட்டியை மாற்ற மறந்திருந்தோம். அந்தத் தொகுப்பையே தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். "ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று லேபிள் ஒட்டி விற்பவருக்கு இந்தச் சோதனையைச் செய்யவேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. அந்த லேபிள் சும்மா சட்டத்துக்காகப் போட்டது என்று நண்பர் சொல்வார். பாதி சரி. மீதிப் பாதி, மனிதருக்கான சோதனைகளைச் செய்யவில்லை என்று விற்பவரே எழுதிக்கொடுத்த வாக்குமூலம்.

இன்னொன்று, செமாக்ஸ் சங்கிலியின் முதல் மணி மெத்தியோனின். அதில் கந்தகம் இருப்பதால் காற்றில் சுலபமாக ஆக்சிஜன் ஏறும். உலர்ந்த பொடியாகக் குளிரில் இருக்கும்வரை பரவாயில்லை. தபாலில் வெயிலில் கிடந்து வந்து, பிறகு வீட்டில் கரைத்து மேசைமேல் வைத்தால் சான்றிதழில் இருந்த பொருளும் மூக்கில் போகும் பொருளும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மாறிப்போனது ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. யாரும் சோதிக்காத ஒரு பொருள், அவ்வளவுதான்.

மூக்குவழி என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். பெப்டைடை வாயால் விழுங்கினால் வயிறு அதைப் பருப்புபோலச் செரித்துவிடும், அதனால்தான் மூக்கு. மூக்கின் உச்சியில் மோப்ப நரம்புகள் மூளையோடு நேராகத் தொடர்பில் இருப்பதால் கடுகளவாவது உள்ளே போகும் என்ற நம்பிக்கை. கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வந்ததே, அந்த நெக்லேரியா அமீபாவும் இதே மோப்ப நரம்பு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது. குழாய்த் தண்ணீரில் மூக்கைக் கழுவி அந்த நோய் வந்தவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். உங்கள் நண்பர் எந்தத் தண்ணீரில் கரைக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. செமாக்ஸைப் பற்றிய எல்லா விவாதத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் இதைக் கேளுங்கள். ஊசிக்கான நுண்ணுயிர் நீக்கிய நீரைத் தவிர வேறெதுவும் அந்தக் குப்பிக்குள் போகக்கூடாது. அதுவும் திறந்து வாரக்கணக்கில் வைத்து, இரண்டு பேர் ஒரே தெளிப்பானைப் பயன்படுத்தினால் சுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

டைஹெக்சா விஷயத்தில் நான் இவ்வளவு நிதானமாகப் பேசமாட்டேன். வேண்டாம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆஞ்சியோடென்சின் என்ற பெப்டைடின் ஒரு துண்டிலிருந்து வடித்தது அது. பி.டி.என்.எஃப்.ஐவிட ஒரு கோடி மடங்கு வலுவானது என்று எல்லோரும் எடுத்துப் போடும் அந்த எண், தட்டில் வளர்த்த செல்களில் பார்த்த ஒரு சோதனையிலிருந்து வருவது. மனிதருக்கு ஒரு கோடி மடங்கு புத்தி என்று அதற்குப் பொருளில்லை. அது எச்.ஜி.எஃப்., சி-மெட் என்ற வளர்ச்சிப் பாதையைத் தூண்டுவதாகச் சொன்னார்கள். சி-மெட் பல புற்றுநோய்களில் அளவுமீறி வேலைசெய்யும் பாதை. அதை அடக்குவதற்கென்றே கேப்மடினிப் போன்ற மருந்துகள் விற்பனையில் இருக்கின்றன. அதைத் தூண்டினால் புற்றுநோய் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வராது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. எலிகளின் உடம்பில் அது நாட்கணக்கில் தங்குவதாகவும் கண்டிருக்கிறார்கள். அதாவது வேண்டாம் என்று நிறுத்தினாலும் உடனே வெளியேறாது. இதே வம்சத்து மருந்தொன்றை அல்சைமர் நோய்க்காக அதீரா என்ற நிறுவனம் சோதித்தது. 2021-ல் அந்நிறுவனத்தின் தலைவர் மாணவப் பருவத்தில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் குறைந்தது நான்கு கட்டுரைகளிலும் படங்களைத் திருத்தியிருந்தார் என்று நிறுவனத்தின் விசாரணைக் குழுவே சொன்னது, அவர் விலகினார். 2024 செப்டம்பரில் அந்த மருந்தின் பெரிய சோதனை தோல்வி. 2025 தொடக்கத்தில் அந்த ஆய்வு முறைகேட்டை அரசிடம் சொல்லாமல் விட்ட வழக்கில் சுமார் 40 லட்சம் டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. இவ்வளவும் ஆன பிறகும் இணையத்தில் டைஹெக்சா விற்கிறவர் அந்த ஒரு கோடி மடங்கை மட்டும்தான் எழுதுவார்.

செரிப்ரோலைசினைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பன்றி மூளையிலிருந்து எடுக்கும் பெப்டைடுக் கலவை, நம் ஊர் மருத்துவமனைகளிலும் பக்கவாதத்துக்கு ஏற்றுகிறார்கள். காக்ரேன் குழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அது மரணத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை; உயிர்போகாத, ஆனால் தீவிரமான பாதகங்கள் சற்றுக் கூடுதலாக இருந்தன. படிக்கும் பிள்ளைக்கு அதில் வேலை இல்லை.

எனக்கே உறுதியில்லாத இடம் நோய் எதிர்ப்பு மண்டலம். அந்நியப் பெப்டைடு உள்ளே வந்தால் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்யலாம். ஏழு அமினோ அமிலம் என்பது மிகச் சிறிது, தனியாக அது பெரிய எதிர்ப்பைத் தூண்டுவது கடினம் என்பது பொதுவான பாடம். ஆனால் கலப்படச் சங்கிலிகளும் எண்டோடாக்சினும் கூடச் சேர்ந்தால் அந்தக் கணக்கு மாறலாம். எஃப்.டி.ஏ. 2023-ல் செமாக்ஸ், செலாங்க், டைஹெக்சா உட்படப் பல பெப்டைடுகளை, மருந்தகங்கள் கலந்து கொடுப்பதில் பாதுகாப்புக் கவலை உள்ளவை என்ற பிரிவில் வைத்தபோது இந்த இரண்டையும்தான் காரணமாகச் சுட்டியது: எதிர்ப்புத் தூண்டல், பெப்டைடோடு கலந்திருக்கும் தவறான சங்கிலிகள். அந்தப் பட்டியல் பிறகு மாறியும் இருக்கிறது, அதனால் அதையே கடைசித் தீர்ப்பாக நான் காட்டமாட்டேன். மூளையும் எதிர்ப்பு மண்டலமும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு, நோக்கம் வேறானாலும், ஏ.என்.1792 என்ற அல்சைமர் தடுப்பூசி இருக்கிறது. செயற்கைப் பெப்டைடுதான். எலிகளில் அற்புதமாக வேலை செய்தது. மனிதர்களில் சுமார் 300 பேருக்குக் கொடுத்ததில் 18 பேருக்கு மூளையும் அதன் உறையும் வீங்கின. 2002 ஜனவரியில் நிறுத்தினார்கள். செமாக்ஸ் அப்படிச் செய்யும் என்று இதை வைத்து யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அது உடம்பை வேண்டுமென்றே எதிர்க்கத் தூண்டிய மருந்து. எலி சொன்னதை மனிதன் மறுக்கும் தூரம் எவ்வளவு என்பதற்காகத்தான் சொன்னேன்.

உங்களைப் பற்றி. மதியத்துக்கு மேல் மந்தம், படித்தது நிற்கவில்லை என்பதற்குப் பொது மருத்துவர் ஒருவரிடம் போய் ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சர்க்கரை நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் பி12-ஐ விடவே வேண்டாம். குறட்டை விடுகிறீர்களா என்று நண்பரையே கேளுங்கள். விட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று குறைந்திருந்தால் அதற்குச் சோதித்த மருத்துவம் இருக்கிறது.

நண்பர் நிறுத்தமாட்டேன் என்றால் சண்டை போடாதீர்கள். கரைத்த தேதியைக் குப்பிமேல் எழுதச் சொல்லுங்கள், ஊசியாகப் போடவேண்டாம் என்று சொல்லுங்கள். காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, மூக்கில் ரத்தம் எது வந்தாலும் அந்தக் குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவர் இருட்டில் தேடவேண்டியிருக்கும். மருந்துப் பாதகங்களைப் பதிவுசெய்ய நம் நாட்டில் 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. அப்புறம், அந்தச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். தொகுப்பு எண், மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலை, எடையில் நிஜமாக உள்ள நிகரப் பெப்டைடு அளவு, எண்டோடாக்சின் இந்த நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன்.